ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம்

'உங்ககிட்ட இந்த அஞ்சு ரூபா காயின் இருக்கா? அப்ப நீங்கதான் லட்சாதிபதி!'

இப்படித் தொடங்கும் வீடியோ ஒன்றாவது உங்கள் செல்போனுக்கு வந்திருக்கும். வரவில்லையென்றால் உங்கள் மாமாவுக்கு வந்திருக்கும், அவர் உங்களுக்கு அனுப்பியிருப்பார். செய்தித் தளங்களும் சளைக்காமல் இதையே எழுதுகின்றன. சிறுகதை, துணுக்கு, ராசிபலன் போல இதுவும் இப்போது தனியாக ஒரு வகை ஆகிவிட்டது. சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். இத்தனை பேர் பார்க்கிற இதற்கு ஏன் யாரும் எழுதுவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தேன். இருபதுக்கு மேல் எண்ணவில்லை.

கதையமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான். முதலில் ஒரு காசு மெதுவாகச் சுழல்கிறது. பின்னணியில் கிரைம் தொடர்களில் கொலைகாரன் கதவைத் திறக்கும்போது வருமே, அந்த இசை. பிறகு ஒரு குரல் மூச்சு விடாமல் பேசுகிறது. வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய், இந்தியா மேப் போட்ட 2 ரூபாய், 'எச்' எழுத்துப் போட்ட 1985-ஆம் வருட 1 ரூபாய், கடைசியில் 786 வருகிற நோட்டு. விலை லட்சத்தில் ஆரம்பித்துப் பத்து லட்சம் வரை ஏறும். கதாநாயகன் எப்போதும் 'பெங்களூருல ஒருத்தர்'. பெயர் கிடையாது, தேதி கிடையாது. எந்த ஏலம், யார் வாங்கினார்கள், ரசீது உண்டா? மூச்.

காசும் விலையும் இருக்கிற இந்தக் கதைகளில் வாங்கினவன்தான் இல்லை. ஒரு துப்பறியும் கதையில் பிணத்தைக் காட்டாமல் கடைசிவரை ஓட்டுவது போல.

அந்த வைஷ்ணவி தேவி காசையே எடுத்துக்கொள்வோம். 2012-ல், அந்தக் கோயிலின் நிர்வாக வாரியத்துக்கு 25 வருடம் ஆனதற்காக அரசாங்கம் 5 ரூபாயிலும் 10 ரூபாயிலும் வெளியிட்டது. புழக்கத்துக்கென்றே அடித்து, வங்கிகள் வழியாக மூட்டை மூட்டையாக வெளியே போன காசு. உங்கள் ஊர் மளிகைக் கடைக் கல்லாவிலும் இருக்கலாம். நினைவு நாணயம் என்றாலே அபூர்வம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் அரசாங்கம் யாரையாவது, எதையாவது நினைத்துக்கொண்டேதான் இருக்கிறது. 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர், 2003-ல் காமராஜர், 2009-ல் அண்ணா, 2010-ல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு. (அண்ணா காசைக் கையில் எடுத்தால் படத்துக்குக் கீழே உற்றுப் பாருங்கள். அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கும். என் கணக்கில் அந்த ஒரு கையெழுத்துக்காகவே அதைச் செலவழிக்கக் கூடாது. ஆனால் காசுக் கடைக்காரரின் கணக்கு வேறு.) இவற்றையெல்லாம் தேயாமல் பளபளவென்று வைத்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். இருபது கை மாறித் தேய்ந்துபோனது, ஐந்து ரூபாய்க்கு ஐந்து ரூபாய்தான்.

'ஆனா சார், நெட்ல பத்து லட்சம்னு போட்டிருக்கானே?' என்று கேட்பீர்கள்.

போடலாம். வேளச்சேரியில் ஒரு இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டின் வாசலில் 'விற்பனைக்கு, நூறு கோடி' என்று போர்டு மாட்ட எந்தச் சட்டமும் தடை இல்லை. போர்டைப் படம் பிடித்து 'வேளச்சேரியில் வீட்டு விலை நூறு கோடியைத் தொட்டது' என்று செய்தி போடுவதற்கும் தடை இல்லை. கேட்ட விலை வேறு, போன விலை வேறு. இந்த வகை வீடியோக்கள் அத்தனையும் நிற்பது இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான். ஒரு காசின் விலையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே காசு, அதே நிலையில், யாரிடமாவது கை மாறிய விலையைப் பார்ப்பது. பெரிய ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்ததும் எந்தக் காசு எவ்வளவுக்குப் போனது என்று பட்டியல் வெளியிடுகின்றன. அதைப் பார்த்துப் பேசும் வீடியோ ஒன்றுகூட அன்றைக்கு என் கண்ணில் படவில்லை.

வெறும் கற்பனை என்றால் விட்டுவிடலாம். விடமுடியாத காரணம், கதை வீடியோவோடு முடிவதில்லை. கீழே ஒரு போன் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டால் அன்பாகப் பேசுகிறார்கள். 'போட்டோ அனுப்புங்கம்மா' என்கிறார்கள். பத்து நிமிஷத்தில் 'உங்க காயின் செலக்ட் ஆயிடுச்சு, ஏழு லட்சம்' என்று பதில். பிறகு பதிவுக் கட்டணம் ஆயிரத்துச் சொச்சம். அதைக் கட்டியதும் ஜி.எஸ்.டி. அதற்கப்புறம் 'ரிசர்வ் வங்கி அனுமதி'க்கு ஒரு தொகை, வங்கியின் முத்திரை போட்ட கடிதத்தோடு. ஒவ்வொரு தடவையும் 'இதுதான் கடைசி'. ஏற்கெனவே கட்டியதை விட மனசில்லாமல் அடுத்ததைக் கட்டுகிறார்கள். காசு சேகரிப்பவர்கள் இதில் ஏமாறுவதில்லை, அவர்களுக்கு விலை தெரியும். ஏமாறுகிறவர்கள் பென்ஷனில் இருப்பவர்கள், மகள் கல்யாணத்துக்குப் பணம் தேடுகிறவர்கள், வீட்டு டப்பாவில் பழைய காசு வைத்திருக்கிற அம்மாக்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் தெளிவாக அறிவித்தது: பழைய நோட்டு, நாணயம் வாங்குவது விற்பது எதிலும் நாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, எங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. இந்த அறிவிப்புக்கு மட்டும் யாரும் பின்னணி இசை போட்டு வீடியோ பண்ணவில்லை.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. ஐந்து ரூபாய் காசு பத்து லட்சம் போகும் என்று நம்பிய அதே தமிழ்நாடுதான், பத்து ரூபாய் காசு பத்து ரூபாய் போகும் என்பதை நம்ப மறுத்தது. பெட்டிக்கடையில் வாங்கவில்லை, பஸ்ஸில் கண்டக்டர் வாங்கவில்லை. ரூபாய்க் குறி போட்டதுதான் ஒரிஜினல், போடாதது டூப்ளிகேட். பத்து கோடு போட்டது செல்லும், பதினைந்து கோடு போட்டது செல்லாது என்று ஆளாளுக்கு ஒரு சாஸ்திரம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை 14 டிசைன்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, பதினாலும் செல்லும் என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. இரண்டு மூடநம்பிக்கைக்கும் வேர் ஒன்றுதான். நாம் காசைப் பார்ப்பதில்லை. அதிலிருக்கும் படத்தை மட்டும் பார்க்கிறோம், வழக்கமான படம் இல்லையென்றால் ஒன்று புதையல், இல்லாவிட்டால் கள்ளக்காசு.

இந்த வீடியோக்களின் மேல் என் முக்கியமான புகாரும் இதுதான். பொய் சொல்வதோடு நிற்காமல் தப்பாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கின்றன. சாமி படம், மேப், ராசியான நம்பர் என்று தேடவைக்கின்றன. உண்மையிலேயே ஒரு விநோதக் காசு கைக்கு வந்தால் அதை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம்.

விநோதம் என்றால் எது? அதற்கு நாணயச் சாலையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரியவேண்டும். நீளமான உலோகத் தகட்டிலிருந்து அப்பளம் வெட்டுகிற மாதிரி வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். ஓரத்தை அழுத்தி விளிம்பு எழுப்புகிறார்கள். பிறகு மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் வில்லை விரிந்துவிடாமல் பிடிக்க ஒரு வளையம். டணங்! ஒரே அடியில் பூவும் தலையும் விழுந்துவிடும். இது நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில், வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் நடக்கிறது. அதில் சிலது பிசகத்தான் செய்யும். வில்லை நகர்ந்து நின்றால் பாதிக் காசில்தான் படம். வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால் பிறைநிலா மாதிரி கடிபட்ட காசு. அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் அடுத்த வில்லை வந்து அடிபட்டால், ஒரு பக்கம் சிங்கம் மேடாக, மறுபக்கம் அதே சிங்கம் குழியாக, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி இருக்கும். இதற்குப் புரோக்கேஜ் என்று பெயர். வேறு காசின் வில்லை தவறிப்போய் விழுந்து அடிபடுவதும் உண்டு.

இதெல்லாம் சாலைக்கு உள்ளே நடந்த பிசகு. சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது இதற்குத்தான். வெளியே வந்த பிறகு நடந்ததற்குப் பேர் சேதாரம், அதற்கு யாரும் தர மாட்டார்கள். ஆகவே கையில் ஒரு விசித்திரக் காசு வந்தால் 'இது எவ்வளவு பெறும்' என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி: இது எங்கே நடந்தது, உள்ளேயா, வெளியேயா?

சின்ன வயதில் தண்டவாளத்தில் காசு வைக்காதவர் யார்? அந்த மாதிரி நசுங்கியது வெளியே. இரண்டு காசைச் சேர்த்து வைஸில் இறுக்கினால் ஒன்றின் உருவம் மற்றதில் குழியாகப் பதியும். அதைப் புரோக்கேஜ் என்று விற்கிறவர்கள் உண்டு. கூர்ந்து பார்த்தால் பழைய உருவத்தின் மிச்சம் அடியில் தெரியும், மறுபக்கம் சப்பையாகியிருக்கும். நிஜமானதில் குழி உருவம் சுத்தமாக, மறுபக்கம் ஒரு குறையுமில்லாமல் இருக்கும். கடிபட்ட காசுக்கு இன்னும் அழகான ஒரு சோதனை. கடிக்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பைப் பாருங்கள். வில்லை உருண்டு விளிம்பு எழும்பும்போது, கடிபட்ட இடத்தில் அழுத்தம் கிடைக்காததால் அதன் எதிர்ப்பக்கத்திலும் விளிம்பு சரியாக எழாது, மங்கிப்போயிருக்கும். வீட்டில் அரம் வைத்து ராவியவனுக்கு இந்த ரகசியம் தெரியாது. அவன் செய்ததில் எதிர் விளிம்பு கம்பீரமாக நிற்கும்.

இரண்டு பக்கமும் தலை உள்ள காசா? 1975-ல் 'ஷோலே'யில் அமிதாப் பச்சன் வைத்திருந்தாரே, அது. அநேகமாக எல்லாமே மேஜிக்காரர்களுக்காகச் செய்தவை. ஒரு காசைக் குடைந்து இன்னொன்றைச் சீவி உள்ளே பொருத்துவார்கள். விளிம்புக்கு உட்புறமாக முடி போல ஒரு கோடு ஓடும். தரையில் போட்டால் 'டிங்' என்பதற்குப் பதிலாக 'டொக்' என்று விழும்.

காசைப் பார்க்கப் பெரிய கருவிகள் வேண்டாம். பூதக்கண்ணாடி, பிரிட்ஜ் கதவிலிருந்து பிய்த்த காந்தம், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு, இவை போதும். நம் பழைய 5 ரூபாய், அந்தக் கனமானது, செம்பும் நிக்கலும் கலந்தது. 9 கிராம், காந்தத்தில் ஒட்டாது. 1992-லிருந்து வந்த 1 ரூபாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 4.85 கிராம், ஒட்டும். (2007-ல் இந்த ஸ்டீல் காசுகளை வங்கதேசத்துக்குக் கடத்தி சவர பிளேடு செய்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஒரு ரூபாய்க்கு ஐந்தாறு பிளேடு தேறுமாம். ஒரு ரூபாய் நாணயம் ஒரு ரூபாய்க்கு மேல் பெற்றதற்கு நம்பகமான உதாரணம் அதுதான்.) ஒட்ட வேண்டியது ஒட்டாவிட்டால், ஒட்டக் கூடாதது ஒட்டினால், எடை உதைத்தால், அப்போது மட்டும் நிமிர்ந்து உட்காரலாம்.

காந்தம் என்றதும் சொல்லியாக வேண்டிய ஒரு கதை அமெரிக்காவில் இருக்கிறது. 1943-ல் யுத்தத்துக்குச் செம்பு தேவைப்பட்டதால் அமெரிக்க அரசு ஒரு சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. முந்தின வருஷத்து வெண்கல வில்லைகள் சில எங்கேயோ இயந்திரத்தில் தங்கியிருந்து, அவையும் 1943 என்று அடிபட்டு வெளியே போய்விட்டன. உலகத்தில் இதுவரை தெரிந்தவை இருபது சொச்சம்தான். 1947-ல் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வாங்கிய சில்லறையில் அப்படி ஒன்றைப் பார்த்தான். அந்தக் காசைக் கொண்டுவந்தால் ஹென்ரி ஃபோர்டு புதுக் கார் தருகிறாராம் என்று அப்போது ஊரெல்லாம் வதந்தி. வாட்ஸப் இல்லாத காலத்திலும் வாட்ஸப் செய்திகள் இருந்திருக்கின்றன. பையன் ஃபோர்டு கம்பெனியில் விசாரித்தான், அதெல்லாம் பொய் என்றார்கள். அரசாங்கக் கஜானாவுக்கு எழுதினான், 1943-ல் செம்புக் காசே அடிக்கவில்லை என்று பதில் வந்தது. இரண்டு பதிலையும் கேட்டுக்கொண்டு காசைப் பத்திரமாக எழுபது வருஷம் வைத்திருந்தான். அவர் காலமானபின் 2019 ஜனவரியில் ஏலத்தில் 2,04,000 டாலருக்குப் போனது. நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி. பணம் அந்த ஊர் நூலகத்துக்குச் சேர்ந்தது.

பாக்கெட் சில்லறை கோடீஸ்வரக் கதைகளில் இது நிஜம். ஏன் நிஜம் என்று பாருங்கள். என்ன பிசகு, எப்படி நடந்தது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. எத்தனை இருக்கின்றன என்று கணக்கு இருக்கிறது. எப்போது எவ்வளவுக்குப் போனது என்று பதிவு இருக்கிறது. போலிகளைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: சாதாரண 1943 எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசியவர்கள் ஏராளம், காந்தத்தைக் காட்டினால் பல்லிளித்துவிடும். 1948-ன் எட்டைச் செதுக்கி மூன்றாக்கியவர்களும் உண்டு, அதற்குத்தான் பூதக்கண்ணாடி. நம் வைஷ்ணவி தேவிக் கதையில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

பிசகு நிஜமாக இருந்தால் மட்டும் போதாது, எண்ணிக்கையும் குறைவாக இருக்க வேண்டும். 2008-ல் இங்கிலாந்தின் ராயல் மின்ட் 20 பென்ஸ் காசின் டிசைனை மாற்றியது. பழையதில் வருடம் ஒரு பக்கம், புதியதில் அது ராணி பக்கத்துக்கு மாற வேண்டும். யாரோ பழைய ராணியையும் புதிய மறுபக்கத்தையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். வருடமே இல்லாத காசு. மூன்று நூற்றாண்டில் இப்படி நடந்ததில்லை என்று பரபரப்பு, இணையத்தில் ஆயிரக்கணக்கில் விலை கேட்டார்கள். ஆனால் வெளியே போனவை பல பத்தாயிரம். தூசி அடங்கியபோது விலை ஐம்பது பவுண்டு பக்கம் வந்து நின்றது. இருபது பென்ஸுக்கு ஐம்பது பவுண்டு மோசமில்லை, ஆனால் வீடு வாங்க முடியாது.

கதை நன்றாக இருந்தால் விலையும் நன்றாக இருக்கும் என்று நினைப்பது எழுத்தாளர்களுக்கு இயல்பு. அதற்கும் மருந்து உண்டு. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய் வந்தது. அவர் அங்கியில் ஒரு யானை. செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டார், பார்க்கப் பன்றி மாதிரி இருந்தது. மன்னர் மார்பில் பன்றி என்றால் இந்தியாவில் என்ன ஆகும்! கூக்குரல் எழுந்தது, வாபஸ் வாங்கினார்கள். சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது, மீதியை உருக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் யானைக்கு ஒழுங்கான தும்பிக்கை வந்தது. 'பன்றி ரூபாய்' என்று இன்றும் சேகரிப்பவர்கள் ஆசையாகத் தேடுவார்கள். இத்தனை கதை இருந்தும் சில ஆயிரங்களுக்கு வாங்கிவிடலாம். ஏனென்றால் ஏழு லட்சம் என்பது அபூர்வத்துக்குப் பெரிய எண். அதே சமயம் ஒரு கதையுமில்லாத, பார்க்க மிகச் சாதாரணமான 1939-ஆம் வருட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் நிஜமான அபூர்வம். அதனால்தான் அதில் போலிகள் அதிகம்.

வருடத்துக்குக் கீழே இருக்கும் சின்னப் புள்ளியையும் நட்சத்திரத்தையும் கவனித்திருக்கிறீர்களா? வைரம் போட்டது மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாதது கொல்கத்தா. அந்தப் புகழ்பெற்ற 'எச்', பர்மிங்ஹாமில் ஹீட்டன் என்ற சாலையில் நமக்காக அடித்துக்கொடுத்தது. நம் சாலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெளியே ஆர்டர் கொடுத்தார்கள். ஆர்டர் கொடுத்து அடித்ததை எப்படி அபூர்வம் என்பது? இருந்தாலும் இந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. சில்லறைக்காகக் காத்திருக்கும்போது பொழுதுபோகும்.

இன்னும் பயங்கரமான ஒரு கிளை வகையும் இருக்கிறது. ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஹாஃப் அணா, 1818' என்று ஆங்கிலத்தில் மறுபக்கம் போட்ட செம்புக் காசு. கம்பெனிக்காரர்கள் மெட்ராஸில் சாமி உருவம் போட்ட தங்க வராகன் அடித்தது உண்மைதான். தங்கசாலைத் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே கம்பெனியின் நாணயச் சாலை இருந்ததால். ஆனால் இப்படி ஒரு ராமர் காசை அவர்கள் எந்த வருஷத்திலும் அடிக்கவில்லை. சந்தையில் திரிவதெல்லாம் பின்னால் யாரோ வார்த்த பொம்மைகள். இதைத்தான் அரிசியை இழுக்கும் காசு, உள்ளே இரிடியம் இருக்கிறது, நாசா வாங்குகிறது என்று லட்சங்களைக் கறக்கிறார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டே இருக்கிறது, ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இரும்புத் துகள் வைத்த அரிசியும் ஒரு காந்தமும் இருந்தால் நானும் இழுத்துக் காட்டுவேன்.

நிஜமான பழைய காசை எப்படிப் பார்ப்பது என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருந்தார். தினமலர் ஆசிரியராக இருந்த, 2021-ல் காலமான இரா. கிருஷ்ணமூர்த்தி. 1980-களில் ஒரு சின்னச் செப்புக் காசில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்றிருப்பதைப் படித்துச் சொன்னார். சங்க காலப் பாண்டிய அரசனின் பெயர் அவனுடைய காசிலேயே. பாட்டில் படித்த பெயர் காசில் வந்து நின்றது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையில் கிடைத்த பல சங்ககாலக் காசுகளும் இப்படித்தான், பழைய உலோகக் கடைக்குப் போயிருக்க வேண்டியவை. களிம்பு ஏறிய, நகக்கண் அளவு சமாச்சாரம். வீடியோ எடுத்தால் ஒரு லைக் விழாது. (மண்ணுக்குள் இந்த மாதிரி எதுவும் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் அப்படிச் சொல்கிறது. மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தாலே போதும், அது 1878-ன் பத்து ரூபாய்.)

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இது பெண்மணிகளுக்கு மட்டும் சொல்வதில்லை, ரிட்டயரான ஆண்கள்தான் இதில் அதிகம். எலுமிச்சை, விபூதி, பித்தளைப் பாத்திரம் விளக்கும் பொடி எதுவும் வேண்டாம். நூறு வருஷம் காற்று பட்டு வந்த நிறத்தை ஐந்து நிமிஷத்தில் கழற்றிவிட்டுப் பளபளவென்று கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் முகத்தில் இரக்கம் தெரியும். அழுக்கோடு கொடுத்திருந்தால் ஆயிரம் கொடுத்திருப்பார். தாமரைப் படம் போட்ட அந்தப் பித்தளை 20 காசு, 1968-லிருந்து நாலு வருஷம் வந்தது, பூஜை அறையில் 108 சேர்த்து வைத்திருக்கிறவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் தேய்த்துத் தாமரையே காணாமல் போயிருக்கும். லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் கடையில் விலை போகாது.

எனக்கும் சிலர் காசுகளைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். நான் வியாபாரி இல்லை, வாங்குவதில்லை, பார்த்துச் சொல்கிறேன். பெரும்பாலும் வைஷ்ணவி தேவி. அவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: டீ குடிக்க இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐந்துக்கு இப்போது கிடைப்பதில்லை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒன்று மட்டும் வேறு மாதிரி. கல்லாவில் விழுந்த பத்து ரூபாய் நாணயம். நடுவில் இருக்க வேண்டிய வெள்ளை வட்டம் ஒரு பக்கமாகத் தள்ளி, மஞ்சள் வளையத்தின் மேல் ஏறி நிற்கிறது. தட்டி நகர்த்தியதாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். பெரிசாக்கிப் பார்த்தேன். ஏறி நிற்கிற அந்த ஓரத்திலும் அச்சு விழுந்திருக்கிறது, எழுத்து ஒடியாமல் வளையத்துக்குத் தாண்டிப் போகிறது. அதாவது அச்சு இறங்கும் முன்பே வட்டம் நகர்ந்திருந்தது. உள்ளேதான் நடந்திருக்கிறது.

அவருக்கு எழுதியிருக்கிறேன்: துடைக்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம், ஒரு சின்னக் காகித உறையில் போட்டு வைக்கவும். தராசில் 7.71 கிராமை ஒட்டி வருகிறதா பார்க்கவும். அடுத்த நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப்போய், ஒருவரிடம் இல்லை, மூன்று பேரிடம் காட்டவும். மூவரும் சொல்வது லட்சமாக இருக்காது. யாராவது முதலில் ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னால் காசை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிடவும்.

பதிலுக்கு அவர் கேட்ட ஒரே கேள்வி: 'அது சரி சார், இதை பஸ்ஸுல வாங்குவாங்களா?'